தோடி காந்தாரமும் நாலரைக் கட்டையும்

அன்பு மருமகளே,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். இளங்கலை இசை முடிந்துவிட்டது, பாட்டு ஐயாவிடம் பதினோரு வருஷமாகக் கேட்டுத் திருப்பிப் பாடுகிற பாடாந்தரம் நடக்கிறது, இனி எம்.ஏ. எதற்கு அத்தை, அந்த இரண்டு வருஷமும் அவரிடமே உட்கார்ந்தால் இன்னும் ஐம்பது உருப்படி (பாட்டு) சேருமே என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு பெண்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

உருப்படி சேரும். அதில் சந்தேகமில்லை. ஐயாவை நீ விடவும் கூடாது, எம்.ஏ. சேர்ந்தாலும் சனிக்கிழமைப் பாட்டு நிற்கக் கூடாது. ஆனால் அவரிடம் வாங்கியது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியாமலே இருந்தது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது அதன் 'க' ஸ்வரத்தைப் பற்றிச் சொன்னால் உனக்குப் புரியும்.

என் எம்.ஏ. முதல் பருவத்தில் எங்கள் ஆசிரியை நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, "காந்தாரம் எங்கே நிற்கிறது, எழுதுங்கள்" என்றார். 'சாதாரண காந்தாரம்' என்கிற வகை என்று புத்தகம் சொல்கிறது. வீணையில் அதற்கென்று விரல் அழுத்துகிற ஒரு மெட்டு இருக்கிறது. கேட்டால் நாதஸ்வரம் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. கீழே ரிஷபத்தின் ('ரி') பக்கத்திலிருந்து மேலே மத்யமத்தை ('ம') எட்டி எட்டித் திரும்புகிறது. எழுத்தில் ஒரே ஒரு 'க'. காதில் விழுவதோ ஓர் ஊசல். பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் நானும் பாடிக்கொண்டிருந்தேன், தெரியாமல். என் வாத்தியார் பாடினார், நான் திருப்பிப் பாடினேன், அவ்வளவுதான். அன்றைக்கு விடுதிக்குப் போய் ரிஷபத்தையும் மத்யமத்தையும் தனித்தனியாக நிறுத்திப் பாடி, பிறகு அந்த இரண்டுக்கும் நடுவே காந்தாரத்தை ஆட்டிப் பார்த்தேன். முதல் தடவையாக அது என் காந்தாரமாக இருந்தது.

எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல், ஸ்வரத்தை இப்படி ஆட்டிப் பாடுகிற கமகங்களுக்குத் தனித்தனிக் குறி போட்டு அச்சேற்றினாரே, அந்த உழைப்பு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. ஸ்வரத்தை மட்டும் எழுதினால் ராகம் தாளில் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதுகலையில் இசை இலக்கணம் சொல்கிற இந்த லட்சண நூல்களையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம். நீ அப்படிச் செய்யாதே. சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவரைப் படித்தாலும் வேங்கடமகியின் 72 மேளம் என்கிற தாய் ராக வரிசையைப் படித்தாலும் பக்கத்தில் சுருதிப் பெட்டி ஓடட்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இசையாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அதையும் வாய்விட்டுப் படி. எஸ். ராமநாதன் மேடைப் பாடகர்தான். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். பாடுகிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்.

இனி எழுதப்போவது எனக்கு வலித்தது. உன் அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

நான் படித்த இடத்தில் பெண்கள் எல்லாரும் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாட வேண்டும் (கட்டை ஏற ஏறச் சுருதியும் ஏறும்). இருபது பேருக்கு ஒரே தம்பூரா, ஒரே சுருதி. என் குரல் நாலரை. முதல் மாதமே கேட்டேன். "சாதகம் பண்ணினால் ஏறும்" என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தரைக் கட்டையில் மேல் பஞ்சமத்தை ('ப') பிடிக்கும்போது குரல்நாண்கள் நொடிக்கு 620 தடவைக்கு மேல் அதிர்கின்றன. நாலரையில் 555 தான். இந்த வித்தியாசத்தை என் தொண்டை ஒன்றரை வருஷம் சுமந்தது. மூன்றாம் பருவத்தில் காலையில் பேசினாலே கரகரப்பு. மேல் ஷட்ஜத்தில் ('ஸ') காற்றுதான் வந்தது. குரல்நாண்களில் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். கத்தி வேண்டாம், முதலில் ஓய்வு, பிறகு குரல் பயிற்சி என்றார். ஐந்து வாரம் பாடவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் சாப்பாடு கேட்டேன்.

அதனால் சேருகிற அன்றைக்கே உன் சுருதியைச் சொல்லிவிடு. வகுப்பில் சேர்ந்து பாடும்போது முடியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு தாளம் போடு. அது அவமரியாதை ஆகாது. தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்யாதே, தண்ணீர் குடி. குரல் எப்படி உண்டாகிறது என்று ஒரு பாடத்தாள் வைத்திருந்தால் அதை மட்டும் தூங்கி வழியாமல் கேள்.

பல்லவியைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. கச்சேரியில் ராகம் தானம் பல்லவியைப் பெரும்பாலும் ஆண்களே பாடிய காலத்தில் மேடையேறிப் பாடிக் காட்டியவர் டி.கே. பட்டம்மாள். இன்றைக்கு முதுகலையில் அது ஒரு பாடத்தாள். ஒரே ஒரு வரி கொடுப்பார்கள். தாளத்தை அசைக்காமல் அந்த வரியை இரட்டிப்பு வேகம், அதற்கும் மேல் இரட்டிப்பு என்று ஏற்ற வேண்டும், மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு தடவையும் எடுத்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். கீர்த்தனையில் வழி தவறினால் வாத்தியார் குரல் காதில் வந்து இழுத்துவிடும். பல்லவியில் அந்தக் குரல் வராது. உன் கை, உன் கணக்கு. இதைப் பெண் பிள்ளைகள் இன்னமும் பயந்து பயந்து பாடுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீ பயப்படாதே.

வேலை பற்றி உன் அப்பா கேட்பார். பள்ளி, கல்லூரி ஆசிரியர் வேலை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, வானொலியில் பாடகருக்கான தர நிர்ணயம் என்று வழிகள் உண்டு, சுலபமில்லை என்று நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் அவர் மறந்துவிட்டார். நம் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பாடியதில்லை. அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கி, டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் அங்கே வந்து சொல்லிக்கொடுத்தது போன்ற காரியங்கள் நடந்திருக்காவிட்டால், பரம்பரை இல்லாத வீட்டுப் பெண் விண்ணப்பம் போட்டு உள்ளே போகிற கதவு ஏது?

விண்ணப்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்கு வா. சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்துத் தோடி காந்தாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பாடலாம். உன் அத்தானிடம் சொல்லி மதியத்துக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை