மாம்பலம் வீடும் உன் சகோதரிகளும்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் எங்கள் வீடே கலகலப்பாகிவிட்டது. கும்பகோணத்தில் மழை விட்டிருக்கிறது. என் முழங்கால் வலியும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மற்றச் சேதிகள் பிறகு. மாம்பலம் வீட்டை பில்டரிடம் ஜாயிண்ட் வென்ச்சருக்கு, அதாவது அவர் இடித்துக் கட்டிப் புது வீடுகளை உங்களோடு பகிர்ந்துகொள்ளும்படி, கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதிலேயே மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பட்டா உன் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை, ஆகவே சிக்கலில்லை என்கிறாய். பட்டா வருவாய்த்துறையின் பதிவு மட்டுமே. அது உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். அப்பா காலமானதும் யார் யாருக்குப் பங்கு வந்தது என்பது அதில் எப்படித் தெரியும்?

அது அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் அன்றே சம பங்கு வந்துவிட்டது. அம்மாவும் உயிலின்றி மறைந்தபின் உனக்கு இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். பெண்களுக்குப் பங்கு என்றாலே எல்லோரும் 1989, 2005 திருத்தங்களைச் சொல்வார்கள். அவை பூர்வீகச் சொத்துக்கானவை. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு அதற்கு முன்பே பங்கு உண்டு. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி பெண்கள் கேட்க முடியாது என்று அதே 1956 சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒன்று இருந்தது. 2005இல் அதையும் நீக்கிவிட்டார்கள். உன் பில்டர் இன்னும் அந்தப் பழைய பிரிவை நம்பித்தான் பேசுகிறார் போலிருக்கிறது.

கல்யாணத்தில் போட்ட நகையும் செய்த சீரும் பாகக் கணக்கில் சேராது. அக்காவும் தங்கையும் "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று வாயால் சொன்னதும் போதாது. தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால்தான் செல்லும். எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்து, தூண்கள் எழும்பிய நிலையில், வீட்டுக்காரரின் காலமான தங்கையின் மகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. வீட்டுக்காரர் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமே வரவில்லை. அவள் கேட்டது அவள் அம்மாவின் சொத்தை.

விடுதலைப் பத்திரம் வாங்கு என்றும் நான் சொல்லமாட்டேன், சேது. உங்கள் பங்குக்கு வரும் நான்கு வீடுகளில் ஆளுக்கொன்றை அவர்களுக்குக் கொடு. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது உன் அக்கா. ஒப்பந்தத்தில் மூவரும் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.

பவர் பத்திரம் விஷயத்திலும் நிதானம் வேண்டும். முழு மனைக்கும் விற்பனை அதிகாரம் கொடுத்துவிடாதீர்கள். திட்ட அனுமதி வாங்க ஒரு பவர். பில்டரின் பங்குக்குரிய பிரிபடாத மனையை (அவர் வீடுகளோடு சேரும் பொது மனைப் பங்கை) மட்டும் விற்க இன்னொன்று, அதுவும் கட்டடம் எழ எழ, கட்டம் கட்டமாக. உங்கள் மனை 4,200 சதுர அடி, வீடுகள் எட்டு என்கிறாய். மனை 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்கு மிகாமலும் இருப்பதால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி திட்டத்தைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடவேண்டும் என்ற கட்டுப்பாடு பதிவான திட்டங்களுக்குத்தான். ஆகவே வேலை முடியவேண்டிய தேதி, தாமதித்தால் மாத இழப்பீடு, அதுவரை உங்கள் வாடகை, பாதியில் விட்டால் என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே வரவேண்டும். அவர் வக்கீல் எழுதித் தந்ததில் அப்படியே கையெழுத்துப் போடாதே. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் பார்க்கட்டும்.

தாய்ப்பத்திர (வீட்டின் மூலப் பத்திர) நகலையும் ஒப்பந்த வரைவையும் எனக்கு அனுப்பு. பதிவுத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனரிடம் காட்டுகிறேன். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவிடம் பேசிவிடு.

அன்புடன்,
மூர்த்தி