வெலாலியோக்! லிஸ்டுகுஜ் பெரியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள லிஸ்டுகுஜ் பெரியவர்களுக்கு,

வெலாலியோக், உங்கள் மிக்மாக் பழங்குடி மொழியில் நன்றி. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் உங்கள் ஊரில் ரொட்டி, கூடை, மீன் என்று கற்றுக் கொடுத்தீர்களே, அதற்குத்தான். பள்ளியின் பேரில் ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை உங்களுக்கு வந்திருக்கும். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நாலு வரியில் முடிகிற விஷயமா இது? மனதில் இருப்பதைக் கொட்ட எனக்குத் தமிழ்தான் வரும். மகள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள். தமிழ் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக் கேம்பெல்டனில் பாலம் ஏறி இறங்கினால் கியூபெக் மாகாணம், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்தக் கணக்கில் முதல் நாள் நிதானமாகக் கிளம்பி வந்தேன். கியூபெக் பக்கம் இருந்தாலும் லிஸ்டுகுஜ் மட்டும் நியூ பிரன்ஸ்விக் நேரத்தில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உதவிக்கு வருகிறேன் என்று பேர் கொடுத்தவள் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் பாதி வேலையை முடித்திருந்தார்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, மாவுப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினீர்கள்.

கீஜூ, (பாட்டி என்று பொருளாம், பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்) அந்த லுஸ்க்னிகன் ரொட்டி மாவை நான் பாழாக்கினேன். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் கொழுப்பு, தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்குமா? அடித்துப் பிசைந்து வழவழவென்று உருட்டி வைத்தேன். வெந்து வந்தபோது கல். பிள்ளைகள் அள்ளிச் சேர்த்து அப்படியே தட்டிப் போட்ட ரொட்டிகள் பூப்போல இருந்தன. என்னுடையதையும் பிட்டு மொலாசஸ் பாகில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிட்டீர்கள். "தப்பு" என்ற சொல் அந்த மூன்று நாளில் உங்கள் யார் வாயிலிருந்தும் வரவில்லை. செய்து காட்டினீர்கள், பார்க்க விட்டீர்கள், மறுபடி செய்ய விட்டீர்கள். சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்க்கிற எனக்கு அது புதுசு.

கூடை முடையும் பெரியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விஸ்கோக் என்கிற கருப்பு ஆஷ் மரத்தடியைக் கோடரியின் பின்பக்கத்தால் நீளவாக்கில் அடித்துக்கொண்டே போனீர்கள். வசந்த காலத்தில் வளர்ந்த மென்மையான பகுதி நசுங்கி, ஒரு வருஷத்து வளையம் அப்படியே பட்டையாக உரிந்து வந்தது. அடுத்த அடுக்கு, அதற்கு முந்தின வருஷம். பத்து அடுக்கு உரித்து, "இது நீ பிறந்த வருஷத்தில் வளர்ந்தது" என்று என் மகள் கையில் கொடுத்தீர்கள். அதை அவள் யாரையும் தொடவிடுவதில்லை. ஆஷ் மரங்களைத் தின்கிற பச்சை வண்டு 2018-லேயே நியூ பிரன்ஸ்விக்கின் எட்மண்ட்ஸ்டனுக்கு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகு நானும் அதைத் தொடவில்லை.

பிர்ச் மரப் பட்டை உரிக்கப் போனபோது புகையிலை வைத்து மரத்திடம் கேட்டுவிட்டு, உள்பட்டை காயப்படாமல் மேல்தோலை மட்டும் எடுத்தீர்கள். உங்கள் மொழியில் மரம் உயிருள்ளவற்றோடு சேர்ந்த சொல், மனிதருக்கு வருகிற அதே பன்மை விகுதி மரத்துக்கும் வரும் என்று அப்போது விளக்கினீர்கள். உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்தவள் நான். எங்கள் இலக்கணத்தில் மரம் அஃறிணை. வீடு திரும்பும் வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீனில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மானம் தப்பியது. சால்மனை, உங்கள் மொழியில் பிலாமுவை, நான் செதில் எடுத்துக் குடல் சுத்தம் செய்வதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். குறுக்கே துண்டு போடப் போனவளை நிறுத்தி, நீளவாக்கில் பிளந்து நெருப்பில் வாட்டக் காட்டினீர்கள். அப்போதுதான் 1981 ஜூன் பற்றிச் சொன்னீர்கள். சால்மன் பிடிப்பதைக் கட்டுப்படுத்துகிறோம் என்று நூற்றுக்கணக்கான கியூபெக் போலீசார் 11-ம் தேதி ஊருக்குள் புகுந்து வலைகளைப் பறித்ததை, 20-ம் தேதி மறுபடி வந்ததை. பிறகு 1993-ல் நீங்களே மீன்பிடிச் சட்டம் எழுதி, உங்கள் ஆட்களையே ஆற்றைக் காக்க வைத்ததையும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. தட்டில் அந்த ஆற்று மீனை வைத்துக்கொண்டு வேறு எப்போது சொல்வது?

விறகு பிளந்த தம்பிக்கும், சேற்றுக் காலோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட பஸ் ஓட்டுநருக்கும், மிச்சப் பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்த அந்த இரண்டு அக்காக்களுக்கும் வெலாலியோக். உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லை, கடைசி எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

மகள் ஆரம்பித்த கூடை பாதியில் கிடக்கிறது, விளிம்பு கட்டத் தெரியவில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறோம். இந்த முறை நேரத்துக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கல் ரொட்டி சுட்ட அம்மா