கூப்பனில் ஒரு வரி

குழித்துறை,
புதன்கிழமை

மக்ளே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. திரும்பப் போன் போட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது, எனக்கும் வேறு சோலி இல்லை. உன் அம்மா மரச்சீனிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, "அவளுக்குத் தெரியாததையா நீங்க சொல்லப் போறீங்க?" என்கிறாள். இருக்கட்டும்.

தோல்பாவைக்கூத்து பற்றி நீ எழுதின கட்டுரைக்கு எட்டு மாசமாகப் பைசா வரவில்லை. எவ்வளவு தருவோம் என்று சொன்னார்களா என்றால், "அதை நான் கேக்கல்லப்பா" என்கிறாய். வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி இறங்கினவள் அதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

முப்பத்தொரு வருஷம் தபால் பையைச் சுமந்தவன் நான். எந்தப் பத்திரிகை எழுதுகிறவர்களுக்குப் பைசா கொடுக்கும், எது கொடுக்காது என்பது பையைப் பிரித்தாலே தெரிந்துவிடும். நான் தபால் கொடுக்கிற பீட்டில் கதை எழுதுகிற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். சிறுபத்திரிகையில் கதை வந்தால் புக் போஸ்டில் இரண்டு பிரதி வரும். வாரப்பத்திரிகை என்றால் மணியார்டர் வரும். அந்த ஃபாரத்தின் அடியில் இருக்கும் கூப்பனில், 'இன்ன தேதி இதழில் வெளியான கதைக்குச் சன்மானம்' என்று ஒரே வரி எழுதியிருப்பார்கள். வாத்தியார் ரூபாயை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போடுவார். கூப்பனை நான் கிழித்துக் கொடுத்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படிப்பார். அப்புறம் பஞ்சாங்கத்துக்குள் வைப்பார். ஒரு தடவை கேட்டேவிட்டேன், எது சார் உங்களுக்குப் பெருசு என்று. "ரெண்டும் வேணும்டே. எந்தக் கதைய எங்க அனுப்பணும்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

சிறுபத்திரிகையை நான் மட்டமாகச் சொல்லவில்லை, கேட்டியா. சுந்தர ராமசாமி 1988இல் காலச்சுவடைத் தொடங்கினது நம்ம நாகர்கோவிலில் இருந்துதான். பத்துப் பக்கம் ஆழமாக எழுத அந்த மாதிரி இடம்தான் இடம் தரும். வருஷத்துக்கு இரண்டு கட்டுரை அப்படி எழுது. வீட்டு வாடகைக்கு மட்டும் அதை நம்பாதே.

நீ இரண்டு மொழியிலும் எழுதுகிறவள். ஆங்கிலத்தில் வருகிற ஃப்ரண்ட்லைன், கேரவன், காட்மாண்டுவில் தொடங்கி 2018இல் கொழும்புக்கு இடம் மாறின ஹிமால், இவர்களெல்லாம் வெளியிலிருந்து எழுதுகிறவர்களிடம் முழுக் கட்டுரையைவிட முதலில் ஒரு பக்கத்துக் குறிப்பைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பிட்ச் என்கிறாயே, அதுதான். போன மாசம் நீ அனுப்பின பிட்ச்சை எனக்கும் காட்டினாய். 'கன்னியாகுமரி மாவட்டத்து நவராத்திரி ஊர்வலம் பற்றி எழுத விரும்புகிறேன்' என்று இருந்தது. உள்ளதைச் சொல்லட்டுமா? அதைப் படித்தால் எனக்கே பதில் எழுதத் தோன்றாது. வருஷா வருஷம் எல்லாப் பேப்பரிலும் படத்தோடு வருகிற சங்கதிதானே.

நீ சின்னப்பிள்ளையில் என் தோளில் உட்கார்ந்து பார்த்ததை நினைத்துப் பார். பத்மநாபபுரத்திலிருந்து ராஜாவின் உடைவாள் முன்னே வர, யானைமேல் சரஸ்வதி, பின்னால் பல்லக்கில் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். குழித்துறையில் ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரை, அப்புறம் திருவனந்தபுரம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் அவள் முன்னால் திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். அந்த மண்டபத்தில் ஒரு பெண் முதன்முதலாகப் பாடினது எப்போது தெரியுமா? 2006இல். பாடினவர் பாறசாலை பொன்னம்மாள், எண்பது தாண்டின வயதில். நம்ம வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் பாறசாலை. பாட்டுக் கேட்கத்தான் சரஸ்வதி அத்தனை தூரம் போகிறாள். அவளுக்கு ஒரு பெண் குரலைக் கேட்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இதை முதல் வரியாக வைத்து, அதற்குப் பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று கேட்டு எழுது. யாரையெல்லாம் பார்ப்பாய், எத்தனை வார்த்தை வரும், எந்தத் தேதிக்குள் தருவாய், இதை எழுத நீ ஏன் பொருத்தமானவள் என்பதெல்லாம் நாலு வரியில் அடங்கிவிடும். பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கிற ஒருவருக்கு இந்த வழியில் எந்த டீக்கடையில் ஊர்வலம் நிற்கும் என்று தெரியாது. உனக்குத் தெரியும். அதற்குத்தான் பைசா. பூஜைக்கு வரவேண்டிய கட்டுரையைப் புரட்டாசியில் கொண்டுபோய் நீட்டாதே. மாதப் பத்திரிகை என்றால் ஆனி, ஆடியிலேயே அவர்கள் கையில் இருக்க வேண்டும். இப்போதே அனுப்பலாம்.

'எழுதுங்கள்' என்று பதில் வந்ததும் உடனே உட்கார்ந்து எழுதிவிடாதே. எவ்வளவு, எப்போது, கட்டுரையை வாங்கிவிட்டுப் போடாமல் விட்டால் என்ன தருவீர்கள் என்று மூன்றையும் மெயிலில் கேள். உரிமை விஷயத்தை மார்த்தாண்டத்தில் வக்கீலாக இருக்கிற உன் அத்தானிடம் கேட்டேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளக்காரியாக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவளுக்குத்தான் எழுத்தின் உரிமை. கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தம் என்று ஒன்று நீட்டினால் கடைசிப் பக்கத்தையும் வாசி.

டிடிஎஸ் என்று, பைசா தரும்போதே வரியாக 10 சதவீதம் பிடித்தால் பதறாதே. வருமானவரி இணையதளத்தில் அது உன் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார், ரிட்டர்ன் போடும்போது நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பத்திரிகை என்றால் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள், நீ அமெரிக்காக்காரி இல்லை என்று வரிக்காகக் காட்டுகிற படிவம் அது. எதிர்வீட்டுப் பையன் மொழிபெயர்ப்பு வேலைக்காக என்னிடம் வந்துதான் அதை நிரப்பினான். அதைக் கொடுக்காவிட்டால் வரியாக 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்ள இடமுண்டு.

இன்னொன்று. கட்டுரைக்குக் கட்டுரை ஓடுவது அலுத்துப்போனால் பெங்களூரில் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸைப் பார். 1995 முதல் கலை ஆய்வுகளுக்கு நிதி கொடுத்து வருகிறார்கள். தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். தோல்பாவைக்காரர்களோடு நீ உட்கார்ந்து பேசின நோட்டுப் புத்தகம் மூன்று, இங்கே உன் அலமாரியில்தான் கிடக்கிறது. கரையான் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த எட்டு மாசப் பாக்கிக்கு இன்றைக்கே ஒரு இன்வாய்ஸ் அனுப்பு. கட்டுரைத் தலைப்பு, வெளியான தேதி, தொகை, பான் நம்பர், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி எல்லாம் இருக்கட்டும். தொகைதான் பேசவில்லையே என்று அந்த இடத்தைக் காலியாக விடாதே. நீ ஒன்று போடு, குறைப்பதென்றால் அவர்கள் சொல்லட்டும். மன்னிக்கவும், சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றெல்லாம் எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு நகல் போடு.

அம்மா நேந்திரங்காய் வற்றல் வறுத்து வைத்திருக்கிறாள். நாளைக்குப் பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா