அப்பாவின் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குமிழ் வையுங்கள்

வீட்டு ஆம்ப்ளிஃபையர்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் முகப்பில் எது இருக்கலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு விடிகாலை, நாலே முக்கால் இருக்கும், எங்கள் வீட்டுக் கூடத்தில் தவில் வெடித்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நான் படியிறங்கி ஓடி வருவதற்குள் எதிர்வீட்டில் விளக்கு எரிந்துவிட்டது. அப்பா ஆம்ப்ளிஃபையர் முன்னால் குனிந்து நின்று வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் அடங்கவில்லை. நான்தான் போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன்.

அப்பாவுக்கு வயது 78. குளுக்கோமாவில் பார்வை போய்விட்டது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். முந்தின இரவு என் மகன் படம் பார்த்திருக்கிறான், வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று செல்போன் செயலியிலிருந்தே சத்தத்தை ஏற்றியிருக்கிறான், அப்படியே அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான். பெட்டி அந்த அளவை ஞாபகம் வைத்துக்கொண்டது. காலையில் அப்பா வழக்கம்போல நாதஸ்வரம் போட்டார். நடந்தது இவ்வளவுதான். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குமிழின் மேல்தான் கோபம், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சத்தம் ஏன் அடங்கவில்லை என்று அன்றைக்கே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உங்கள் குமிழ் ஒரு சுற்றுக்கு 20 முறை 'டிக்' என்கிறது. ஒரு டிக்குக்கு அரை டெசிபல். பையன் விட்டுவைத்த அளவிலிருந்து அப்பா காலையில் கேட்கும் அளவுக்கு இறங்க 40 டெசிபல் குறைக்க வேண்டும். அதாவது 80 டிக், முழுதாக நாலு சுற்று. மனிதனின் மணிக்கட்டு ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கூடத் திரும்பாது. ஆகப் பத்துத் தடவையாவது பிடித்து, திருகி, விட்டு, மறுபடி பிடித்துத் திருக வேண்டும், அதுவும் காதருகே தவில் முழங்கிக்கொண்டிருக்கும்போது. போதாததற்கு வேகமாகத் திருகினால் அந்தக் குமிழ் சில டிக்குகளை எண்ணாமலே விட்டுவிடுகிறது. நான் பகலில் நிதானமாகச் செய்து பார்த்தே எரிச்சல் வந்தது.

எங்கள் பழைய ஆம்ப்ளிஃபையர் 1987இல் வாங்கியது. அதன் குமிழில் ஒரு பள்ளக்கோடு உண்டு, நகத்தால் தொட்டாலே எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். இடது கோடிக்குத் திருகினால் முட்டி நிற்கும். நான் சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்: "முட்டுற வரைக்கும் திருப்பு, அப்புறம் சுவிட்சைப் போடு." கடிகார முள் எட்டு மணியில் நிற்கிற மாதிரி வைத்தால் விடிகாலைக்குச் சரி, பத்து மணி என்றால் பகலுக்கு. அப்பா முப்பது வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்தை விரலால் தடவியே தலைகீழா நேரா என்று சொல்லிவிடும் கை அது. கண் போன பிறகும் அந்தப் பெட்டியை இயக்க அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

உங்கள் புதுப் பெட்டியில் இருப்பது வழவழவென்று ஒரு உலோக உருளை. கோடு இல்லை, முட்டும் இடம் இல்லை. இப்போது எவ்வளவு சத்தத்தில் இருக்கிறது என்பதைச் சின்னத் திரை ஒன்று 'மைனஸ் 42.5' என்று காட்டுகிறது. கண் தெரிகிற எனக்கே அது அதிகமா குறைவா என்று புரியச் சில நாள் ஆனது. அதிகபட்சச் சத்தத்துக்கு வரம்பு வைக்கவும், பெட்டி உயிர் பெறும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று சொல்லவும் வசதி உள்ளே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மூன்று மெனு தாண்டி, டிவியை இணைத்து, திரையைப் பார்த்துப் படித்துத்தான் அங்கே போக முடியும். இவ்வளவு ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, தடுக்கும் வழியும் வைத்திருக்கிறீர்கள், அதை ஏன் பெட்டிக்குள் புதைத்து வைத்தீர்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு குமிழ். தொட்டால் தெரிகிற ஒரு கோடு.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். பழைய பாணி வால்யூம் கண்ட்ரோலில் தூசி புகுந்தால் கரகரக்கும், இடது, வலது ஸ்பீக்கர்களுக்கான இரண்டு தடங்களும் ஒரே மாதிரி அமையாததால் சத்தம் குறைவாக இருக்கும்போது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் கேட்கும், அதனால்தான் சத்தத்தை மின்னணு முறையில் ஏற்றி இறக்கும் சிப்புக்கு, அதாவது ஐ.சி.க்கு, மாறினோம் என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அந்தக் கரகரப்புக்கு நானே எத்தனையோ முறை கிளீனர் அடித்திருக்கிறேன். ஐ.சி.யை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் முட்டி நிற்கிற சாதாரண ஒற்றைத் தடக் கண்ட்ரோல் ஒன்றை வைத்து, அதன் மின்னழுத்தத்தை அளந்து ஐ.சி.க்கு எத்தனை டெசிபல் என்று சொல்ல வைக்க முடியும். ரிமோட் வேண்டுமென்றால் குமிழைச் சுழற்ற மோட்டார் வைத்த கண்ட்ரோல்கள் பல காலமாகவே இருக்கின்றன. ரிமோட்டை அழுத்தினால் குமிழ் தானே திரும்பும், கையும் காதும் ஒரே கணக்கில் இருக்கும். செயலியில் ஏற்றினாலும் அப்படியே. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு முட்டி நிற்கிற குமிழ் உள்ள வேறொரு சிறிய ஆம்ப்ளிஃபையரை ஒரு வாரம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். குமிழ் ஏழு மணியில் மௌனம், ஏழரையில் இடது ஸ்பீக்கர் மட்டும், எட்டில் வீடே அதிரும் சத்தம். ஒரு மயிரிழை நகர்த்தினால் பாதி வீடு விழித்துக்கொள்ளும். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. சி.டி. பிளேயர் முழுச் சத்தத்தில் 2 வோல்ட் தருகிறது, பெட்டியோ 200 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சக்திக்குப் போய்விடுகிற மாதிரி அமைக்கப்பட்டிருக்கிறது. பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல், வீணாக. அதனால் குமிழின் முக்கால் பங்கு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது, பயன்படும் கால் பங்கில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. கொஞ்சம் திருப்பியதும் சீறிப் பாய்ந்தால் கடையில் கேட்பவருக்கு 'நல்ல பவர்' என்று தோன்றும், அதற்காகத்தான் இப்படி என்று என் எண்ணம். எங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். அப்பா விடிகாலையில் கேட்பது 60 டெசிபல், சாதாரணமாகப் பேசுகிற அளவு. அதற்குத் தேவைப்படுவது 2 மில்லிவாட்கூட இல்லை. 100 வாட் என்று அட்டையில் அச்சடிப்பதில் காட்டும் அக்கறையை அந்த 2 மில்லிவாட் நன்றாகக் கேட்பதிலும் காட்டுங்கள், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பெரும்பாலான நேரம் பாட்டு ஓடுவது அந்தப் பக்கத்தில்தான்.

பேலன்ஸ் குமிழ் எங்கே போனது? அப்பாவுக்கு வலது காது மந்தம். பழைய பெட்டியில் சற்று வலப்பக்கம் திருப்பிவைத்தால் போதும், இருபுறமும் சமமாகக் கேட்பதாகச் சொல்வார். பாஸ், ட்ரெபிள் (கனத்த ஒலியையும் கூர்மையான ஒலியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) எங்கே? பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இலேயே அந்தச் சர்க்யூட்டை வெளியிட்டுவிட்டார், சில சின்ன உதிரிகள், அவ்வளவுதான். குறைந்த சத்தத்தில் காது பாஸை இழக்கிறது என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டினார்கள், அதற்காகவே இருந்த லவுட்னெஸ் பட்டனையும் பல பெட்டிகளில் எடுத்துவிட்டீர்கள். முகப்பு சுத்தமாக இருந்தால் ஒலியும் சுத்தமாக இருக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. வயதாகிக் காது தளர்ந்தவர்களும் பாட்டுக் கேட்கிறார்கள் ஐயா, அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ், லவுட்னெஸ் எல்லாம் உங்களால் முடிந்தபோது செய்யுங்கள். அந்த ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள்: தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு குமிழ், தொட்டால் தெரிகிற ஒரு கோடு. அதற்காகச் சில நூறு ரூபாய் கூடினாலும் தரத் தயாராக இருக்கிறோம்.

அந்தக் காலைக்குப் பிறகு அப்பா புதுப் பெட்டியைத் தொடவே இல்லை. விடிகாலையில் எழுந்து கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார், நான் இறங்கி வந்ததும், "நீ வந்து போட்டுக் குடுடா" என்பார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் போட்டுக் கொடுக்கச் சொல்லாதவர். பத்து நாள் அதைப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவில் வால்யூம் கண்ட்ரோல் வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தேன். இப்போது நான் எழுந்திருக்கும் முன்பே கூடத்தில் மெதுவாக நாதஸ்வரம் கேட்கிறது. ஆனால் அதில் ஸ்பீக்கரை இயக்குவது எஸ்.டி.கே. என்ற பழைய வகை ஐ.சி., அசல் கிடைப்பது அரிது, கடைகளில் போலிகள்தான் ஏராளம். அது போகிற நாளில் மறுபடி உங்கள் கடைக்குத்தான் நான் வந்து நிற்க வேண்டும். அதற்குள் ஒரே ஒரு மாடலிலாவது இதைச் செய்து வையுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்