மகளுக்கு: வாழ்த்து அட்டை செய்யத் தொடங்குமுன்

திருகோணமலை,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் மெல்பேர்னில் நலமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். வரும் தைப்பொங்கலுக்கு உன் கையாலேயே வாழ்த்து அட்டைகள் செய்து உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்ப விரும்புவதாகவும், அதற்கு என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அச்சகத்தில் புத்தகம் கட்டியே வாழ்ந்த எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி வேறில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால், வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியதாக எழுதி அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பட்டியலில் உருவங்களை வெட்டும் கையியந்திரமும், மினுக்கத் தூளும், ஒட்டுமணிகளும், நாடாக்களுமே முதலில் இருந்தன. அவற்றில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். அந்த இயந்திரம் உருக்கு அச்சைக் கடதாசியின் மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி வெட்டுவது. ஒரே உருவம் நூறு வேண்டுமென்றால் அது நல்ல கருவிதான், ஆனால் இருபது அட்டைக்கு அது தேவையில்லை. வாழ்த்து அட்டை இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும்: உறைக்குள் தட்டையாகக் கிடந்து சேதமின்றித் தபாலில் போக வேண்டும், போய்ச் சேர்ந்தபின் சாயாமல் மேசையில் நிற்க வேண்டும். இவ்விரண்டையும் தருபவை கடதாசியும் வெட்டும் மடிப்புமே. அவை சரியாக அமைந்த வெறும் வெள்ளை அட்டைகூட அழகாக இருக்கும். அவை பிழைத்துவிட்டால் எந்த மினுக்கமும் அந்த அட்டையைக் காப்பாற்றாது.

தபாலும் வாழ்த்து அட்டையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. பிரித்தானியாவில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை 1840ஆம் ஆண்டு வந்தது. அந்தத் தபால் சீர்திருத்தத்தில் பங்கெடுத்த ஹென்றி கோல் என்பவரே 1843இல் ஜோன் கால்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு, விற்பனைக்கு வந்த முதல் நத்தார் வாழ்த்து அட்டையை ஆக்குவித்தார். கல்லச்சில் கோடுகளை மட்டும் அச்சிட்டு நிறங்களைக் கையால் தீட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆகவே நீயும் உறையிலிருந்தே தொடங்கு: முதலில் உறையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் அடங்கும்படி அட்டையை வெட்டு. அவுஸ்திரேலியாவில் உள்நாட்டுச் சிறிய கடிதம் என்பது 130 × 240 மில்லிமீற்றருக்குள்ளும் 5 மில்லிமீற்றர் தடிப்புக்குள்ளும் இருக்க வேண்டும். சி6 எனப்படும் உறை 114 × 162 என்பதால் அதற்குள் அடங்கிவிடும். 162 × 229 அளவுள்ள சி5 உறை அடங்காது, கட்டணமும் கூடும். மணிகளையும் தடித்த நாடாக்களையும் நான் விலக்குவதற்கு இந்த 5 மில்லிமீற்றரும் ஒரு காரணம்.

சி6 உறைக்குள் போவது ஏ6 அளவு அட்டை, அதாவது மடித்தபின் 105 × 148. ஒரு ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் ஒருமுறை மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். இந்த அளவை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் கடதாசி செய்யும்போது கூழில் உள்ள நார்கள் பெரும்பாலும் பட்டை ஓடும் திசையிலேயே படிகின்றன. அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நார்த்திசை உண்டு. நாரின் போக்கிலே மடித்தால் மடிப்பு கூராகவும் வழுவழுப்பாகவும் விழும்; நாருக்குக் குறுக்கே மடித்தால் தடித்த தாளின் மேற்பரப்பு வெடித்து, மடிப்பின் நெடுகிலும் வெள்ளையாகப் பிசிர் தெரியும். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் நார் பெரும்பாலும் நீளப்பக்கமாக ஓடுவதால், முழுத் தாளை ஏ5 ஆக மடித்தால் அது குறுக்கு மடிப்பாகிவிடும்; பாதியாக வெட்டி ஏ6 ஆக மடித்தாலோ மடிப்பு நாரின் போக்கிலேயே அமையும். மேசையில் நிறுத்தும்போதும் நார் மேலிருந்து கீழாக நிற்பதால் அட்டை வளைந்து சரியாது.

ஆனால் தாள்கட்டின் மேலுறையில் எழுதியிருப்பதை நம்பாமல் கையால் சோதித்துப் பார். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்தால் எந்தப் பக்கம் குறைவாக எதிர்க்கிறதோ அந்த வளைவின் நெடுகிலே நார் ஓடுகிறது. இன்னும் ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனை. நார் நீரை உறிஞ்சி அகலத்தில் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக நீளாது, ஆகையால் துண்டு நாரை அச்சாகக் கொண்டு குழல்போலச் சுருளும். கையால் செய்த கடதாசியில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இந்தச் சோதனை தேவையில்லை. அட்டைக்குச் சதுர மீற்றருக்கு 250 கிராம் எடையுள்ள தாள் போதும். நீர்வர்ணம் தீட்டுவதானால் 300 கிராம் நீர்வர்ணத் தாளை வாங்கு. நாம் எழுதும் சாதாரணத் தாள் 80 கிராம்தான்.

கருவிகளில் முதலாவது மடிப்பெலும்பு. என் மேசையில் எப்போதும் கிடந்த, மாட்டெலும்பில் செய்து நுனி மழுக்கிய அந்தத் தட்டையான தகட்டை நீ சிறுவயதில் எடுத்து விளையாடியிருக்கிறாய். கைவினைக் கடைகளில் போன் ஃபோல்டர் என்று கேட்டால் தருவார்கள். மடிக்க வேண்டிய கோட்டில் உருக்கு அடிமட்டத்தை வைத்து, மடிப்பெலும்பின் நுனியால் ஒரே சீராக அழுத்தி இழுத்தால் ஒரு பள்ளம் விழும், மறுபுறம் அதுவே மெல்லிய மேடாக எழும். அந்த மேடு உட்புறமாக வரும்படி, அதாவது பள்ளத்திலிருந்து விலகும்படி மடி. பலர் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள். அது தாளின் வெளிப்புறத்தை அளவுக்கு மீறி இழுக்கும். மடித்தபின் மேலே ஒரு வெற்றுத்தாளை வைத்து எலும்பின் விளிம்பால் தேய்த்துவிடு. நேரடியாகத் தேய்த்தால் தாளில் பளபளப்பான தழும்பு படியும்.

இரண்டாவது, அலகை முறித்து முறித்துப் புதிதாக்கும் கட்டர் கத்தி. 1956இல் ஜப்பானில் உருவான இந்தக் கத்தி எங்கள் தொழிலையே இலகுவாக்கியது. அலகு மழுங்கிய கத்திதான் ஆபத்தானது, ஏனெனில் அதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போது வழுக்கும். ஆகவே கைகூசாமல் அலகை முறி. தடித்த தாளை ஒரே வீச்சில் வெட்ட முயலாதே. உருக்கு அடிமட்டத்தை அசையாமல் பிடித்து, இலேசாக மூன்று நான்கு முறை ஓட்டு. பிளாஸ்டிக் அடிமட்டம் கோடு கீறுவதற்கு மட்டுமே. கத்தி அதைச் சீவிக்கொண்டு உன் விரலுக்கு வந்துவிடும். கீழே வெட்டுப்பாய் ஒன்றும் வேண்டும். இவற்றோடு ஒரு பென்சில், இறப்பர், சிறிய கூரான கத்தரிக்கோல், இவ்வளவுதான்.

பசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர் கலந்த வெள்ளைப் பசை தாளை ஊதச்செய்யும். அதை மிக மெல்லிதாக, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பூசி, உலரும்வரை பாரத்தின் கீழ் வை. இங்கே கார்த்திகை மார்கழி மழையில் பசை காய்வதே பெரும்பாடு. உங்களுக்குத் தை மாதம் கோடை என்பதால் அந்தத் தொல்லை இராது. சிறு துண்டுகளை ஒட்டக் குச்சிப் பசையோ இருபக்க டேப்போ போதும். அச்சகத்தில் கோதுமைமாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்போம். அது நஞ்சு, குழந்தை உள்ள வீட்டில் அந்த வழக்கம் வேண்டாம்.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். உனக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த வழி, நீயே செதுக்கும் முத்திரை. வெண்ணிற பிளாஸ்டிக் இறப்பர் ஒன்றை எடுத்துக்கொள். மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் பொங்கல் பானையையோ கரும்பையோ வரைந்து, வரைந்த பக்கம் கீழே இருக்கும்படி இறப்பரில் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடம்வலம் மாறி அதில் படியும். அச்சிடும்போது மறுபடியும் மாறி நேராகிவிடும். தமிழ் எழுத்துகளை முத்திரையாக்க இது ஒன்றே பிழையில்லாத வழி. கோட்டுக்கு வெளியே உள்ள பகுதியைச் செதுக்கும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரித்துப் பிடி. கோடு அடியில் அகன்று நிற்கும், அச்சிடும்போது வளையாது. உட்புறமாகக் குடைந்துவிட்டால் மெல்லிய கோடுகள் சில அச்சுகளிலேயே பிய்ந்துவிடும். முத்திரையை மைத்திண்டில் அமுக்காமல், திண்டை எடுத்து முத்திரையில் ஒற்று. அட்டையின் கீழே நான்கைந்து தாள்களை மெத்தையாக வை. பேரப்பிள்ளைக்கு வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிக் கொடு. அதன் ஐந்து அறைகளும் பூவாகப் பதியும், கத்தியும் அவன் கைக்குப் போகாது.

பூவும் இலையும் ஒட்டுவது அடுத்தது. நம் வீட்டு மதிலோரத்துக் கடதாசிப்பூவை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அது மெல்லியதும் ஈரம் குறைந்ததுமாகையால் நிறம் கெடாமல் காயும், உண்மைதான். ஆனால் தபாலில் வரும் தாவரப் பொருட்களை உங்கள் நாட்டில் கண்டிப்பாகச் சோதிக்கிறார்கள், ஆகையால் நான் அனுப்பவில்லை. அங்கேயே விழும் யூகலிப்டஸ் இலைகளை எடுத்துச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றிக் காயவிடு. மல்லிகை போன்ற சதைப்பற்றுள்ள வெள்ளைப் பூக்களை எடுக்காதே, அவை பழுப்பாகிவிடும். வெளிநாட்டுக்குப் போகும் அட்டைகளில் இலையே வேண்டாம்.

விரித்தால் எழுந்து நிற்கும் அட்டை ஒன்றை அம்மாவின் பொருட்டு எழுதுகிறேன். கோணேசர் கோபுரத்தை அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பாதி ஏ4 தாளை மடித்து, மடிப்பு உன் பக்கம் இருக்கும்படி வை. மடிப்பிலிருந்து உள்நோக்கி, 24 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு சமமான வெட்டுகள், ஒவ்வொன்றும் 45 மில்லிமீற்றர் நீளம். அவற்றின் இருபுறமும் 35 நீளத்தில் ஒவ்வொன்று, அதற்கும் வெளியே 25 நீளத்தில் ஒவ்வொன்று. வெட்டுகளின் முனைகளுக்கிடையே மடிப்பெலும்பால் கோடிட்டு, தாளை விரித்து, நறுக்கிய பட்டைகளை ஒவ்வொன்றாக எதிர்ப்புறம் தள்ளி மடித்தால், தாளைச் செங்கோணமாக விரிக்கும்போது நடு உயர்ந்து இருபுறமும் படிப்படியாகத் தாழும் கோபுரம் எழும். இதற்கு ஒரே ஒரு விதி: எந்த வெட்டும் அட்டை முகப்பின் பாதியைத் தாண்டக்கூடாது. அட்டை மூடும்போது பட்டை வெட்டின் நீளத்தைப்போல இருமடங்கு தூரம் முன்னோக்கிப் படுக்கும். உன் முகப்பு 105 மில்லிமீற்றர் என்பதால் 52 வரையே போகலாம், மீறினால் கோபுரத்தின் நுனி உறைக்குள் அட்டைக்கு வெளியே துருத்தி நசுங்கும். பின்புறத்துத் துளைகளை மறைக்க இன்னொரு மடித்த தாளை வெளியே ஒட்ட வேண்டும். அசையும் பட்டைகளில் மட்டும் பசை படக்கூடாது. இந்த வேலைக்கு இரண்டு தாள்களும் 160 முதல் 200 கிராமுக்குள் இருக்கட்டும்.

தூளை உருக்கி எழுத்தை மேடாக்கும் முறையையும் கேட்டிருந்தாய். மெதுவாகக் காயும் நிறமி மையால் முத்திரையிட்டு, ஈரம் இருக்கும்போதே தூளைத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டு, வெப்பத் துப்பாக்கியால் உருக்க வேண்டும். தலைமயிர் உலர்த்தியில் சூடு போதாது, காற்றோ தூளை அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கு மட்டும் அவசரப்படாதே. “இனிய பொங்கல் வாழ்த்துகள்” என்ற வரியில் “னி”யின் மேல்விலங்கும் மெய்யெழுத்துப் புள்ளிகளும் மேலே ஏறும், “ழ்”, “து” இரண்டும் கீழே இறங்கும். ஆகவே எழுத்தின் உடலுக்கு இரண்டு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று என நான்கு கோடுகளைப் பென்சிலால் இலேசாகக் கீறி, பட்டை நிப்பால் எழுதி, மை முற்றாகக் காய்ந்த மறுநாள் அழி. உள்ளே எழுத வேண்டிய செய்தியைத் தடித்த தாளில் எழுதாமல், நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டிய மெல்லிய தாளில் எழுதி, அதை மடிப்பில் நூலால் தைத்துவிடு. மடிப்பில் மூன்று துளைகள் போதும்: தேன்மெழுகு பூசிய நூலோடு ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளையால் உள்ளே கொண்டுவா, இரண்டு நுனிகளும் நீண்ட நூலின் இருபுறமும் இருக்கும்படி முடிச்சிடு. பசையால் ஒட்டிய உள்தாள் சுருங்கும், தைத்த தாள் சுருங்காது. பல்லாயிரம் புத்தகங்களைப் பிடித்து நிறுத்திய இந்தத் தையலை உன் கை கற்றுக்கொள்வது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

முதலில் மலிவான தாளில் இரண்டு அட்டைகளை மடித்து, அவற்றில் ஒன்றை உன் முகவரிக்கே தபாலில் அனுப்பிப் பார். என்ன நிலையில் வந்து சேருகிறது என்று கண்டபின் மற்றவற்றைச் செய்யலாம். வாங்கிய தாளின் எடையையும் நார்த்திசையையும் பார்த்து எனக்கு எழுது. நூல் வேண்டுமானால் என்னிடம் உள்ள சணல்நூலிலிருந்து ஒரு கண்டை அடுத்த பொதியில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா