மதியச் சாப்பாட்டுக் கூடையும் மழைக்காலக் கூலியும்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கலைஞர்கள் சில வாரம் தங்கித் தங்கள் வேலையைச் செய்ய இடம் தரும் ரெசிடென்சிகளை நடத்துகிறவர்களுக்கும், தேர்வுக் குழுவில் அமர்கிறவர்களுக்கும், இனிமேல் ஒன்று தொடங்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பகலில் நான் மெய்ப்புத் திருத்துபவள். கிடைக்கிற இரவுகளில் சிறுகதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் இருக்கும் ஒரு ரெசிடென்சியில் ஆறு வாரம் தங்கினேன். அந்த இடத்தின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. நல்ல மனிதர்கள், எனக்கு அவர்கள் செய்தது வாழ்நாள் உதவி. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக, விடிந்ததும் யாருக்கு என்ன சமைப்பது என்று யோசிக்காமல் எழுந்தேன். முதல் வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை, தூங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதற்குத்தான் முதல் நன்றி.

இந்த மடல் எனக்காக அல்ல. எங்களோடு தங்கியிருந்து, பதினெட்டாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப்போன ஒருவருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். செதுக்கோவியம் (தகட்டில் கோடு அரித்து, மை பூசித் தாளில் அச்செடுப்பது) செய்யும் பெண் ஒருவர், பரதம் ஆடுகிறவர், படத்தொகுப்பாளர், நான். ஐந்தாமவர் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த தெருக்கூத்துக்காரர். நாகசுரம் போன்ற சின்ன ஊதுகருவியான முகவீணை வாசிப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டோம்.

அண்ணாவின் அறை என் அறைக்கு எதிரே. காலையில் திண்ணையில் உட்கார்ந்து, முகவீணையில் வாய்வைத்து ஊதும் சீவாளிகளைப் பரப்பி வைத்துக்கொள்வார். நாணல் தட்டையில் செய்த சின்னச் சீவாளி, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பார். பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழலில் செருகி ஊதிப் பார்ப்பார். சரியில்லையென்றால் பிளேடால் நுனியில் ஒரு மயிரிழை சுரண்டுவார். திரும்பவும் வாயில் ஒதுக்கிக்கொள்வார். ஒருநாள், "என்னண்ணா, இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். "ஊறாம ஊதனா கீச்சுன்னுதாம்மா வரும்" என்றார்.

செதுக்கோவியத் தங்கை பின்கட்டில் வேலை செய்வாள். துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இறக்குவாள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். கோட்டின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உட்காரும். அவற்றை விட்டால் அரிப்பு ஒரே சீராக இருக்காது. அதனால் ஒரு கோழி இறகால் மெல்ல வருடிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் கோடு வெளிறிப்போகும், தாமதித்தால் கொட்டையாகிவிடும். வெயில் ஏறினால் அமிலத்துக்கு வேகம் கூடும், காலையில் போட்ட கணக்கு மத்தியானம் செல்லாது. அவள் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு, அதைப் பார்ப்பதா தகட்டைப் பார்ப்பதா என்று தடுமாறுவாள். இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணா மூன்றாம் நாள் பக்கத்தில் போய் நின்று தொடையில் தாளம் போட்டார். "நீ தகட்டப் பாரும்மா, எண்றத நான் பாத்துக்கறேன்."

அன்று முதல் அவள் நோட்டில் நிமிடக் கணக்கு நின்றுபோனது. "மெல்லிய கோடு, ஆதி தாளம், 16 ஆவர்த்தனம்" என்று எழுத ஆரம்பித்தாள். தாளம் ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஆவர்த்தனம். வெயில் ஏறியதும் அண்ணா தாளத்தை ஒரு பிடி விரைவாக்குவார். எதைப் பார்த்து அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, குமிழி எழும்பும் வேகத்தைக் காட்டினார்.

என் கதையில் ஒரு பத்தி இருந்தது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி நிற்கிறாள், எதுவும் நடக்கவில்லை. வெட்டிவிடலாம் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தப் பின்கட்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து கோட்டை அழித்தேன். அந்தக் கதையைப் படித்தவர்கள் என்னிடம் பேசுவதெல்லாம் அந்தப் பத்தியைப் பற்றித்தான். பல துறைக் கலைஞர்களை ஒரே கூரையின்கீழ் தங்கவைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது இதைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கூட்டு நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்துக் கடைசி நாளில் மேடையேற்றுவது வேறு. ஒருவர் கையை இன்னொருவர் பக்கத்திலிருந்து நாள்கணக்கில் பார்ப்பதற்கு வேலைத்திட்டம் எழுதிக் கொடுக்க முடியாது.

இனி வருத்தத்தைச் சொல்கிறேன்.

அண்ணா எப்படி உள்ளே வந்தார் தெரியுமா? விண்ணப்பப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில். அவருக்காக அதை நிரப்பிக் கொடுத்தது ஊருக்கு ஆய்வுக்குப் போயிருந்த ஒரு மாணவர். "உங்கள் கலைச் செயல்பாட்டை 500 சொற்களில் விவரிக்கவும்" என்ற கேள்விக்கு அண்ணா சொன்ன பதில்: "ராத்திரி பத்து மணிக்கு ஒக்காந்தா விடியும்போது எந்திரிப்பேன்." அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது படிவத்தில் போகவில்லை. சடங்கு, உடல், வெளி, எதிர்ப்பு என்று நாலு பெரிய சொற்கள் சேர்ந்த 500 ஆங்கிலச் சொற்கள் போயின. அந்த மாணவர்மீது குறையில்லை. அப்படி எழுதினால்தான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மாணவர் அந்த ஊருக்குப் போகாமலிருந்தால்? பொம்மலாட்டக்காரர், பாவைக்கூத்துக்காரர், பறை அடிப்பவர், சுதைச் சிற்பி என்று எத்தனை பேர் வீட்டு வாசலுக்கு எந்த மாணவரும் போகாமலிருக்கிறார்கள்?

படிவத்தைத் தமிழில் தாருங்கள். எழுத வராதவர் செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். அது ஒன்றும் பெரிய செலவில்லை.

அண்ணா போனதற்குக் காரணம் படிவமில்லை. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், கையில் பணம் கிடையாது என்பது அந்த இடத்தின் விதி. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை கூத்துக்காரருக்கு ராத்திரி ஓயாது, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து அடுத்தடுத்து வரும். மழைக்காலத்தில்தான் கை ஓயும். அந்த மாதங்களில் அண்ணா கட்டட வேலைக்குப் போவார், நாள் கூலி 700 ரூபாய். அந்தக் கூலியில்தான் குழுக் கடன் தவணை கட்டுகிறார்கள். பதினேழாம் நாள் இரவு அண்ணி போன் செய்தார். வாசலில் ஆள் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது. அண்ணா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை சீவாளிப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நிர்வாகத்தினர் வருந்தினார்கள், பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டார்கள். பின்கட்டில் பாதி அரித்த தகடு ஒன்று கிடந்தது. தங்கை அன்றைக்கு அமிலத் தொட்டியைத் திறக்கவே இல்லை.

42 நாளுக்குக் கணக்குப் போட்டேன். 29,400 ரூபாய். அச்சுத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன்: நிறைவு நாளுக்கு அச்சிட்ட வழவழத் தாள் கையேட்டுக்கே அதில் பாதிக்கு மேல் ஆகியிருக்கும்.

சம்பளம் வருகிறவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதும், கூலிக்காரர் வேலையை விட்டுவிட்டு வருவதும் ஒன்றாகிவிடாது. இருவருக்கும் ஒரே விதி வைத்தால் யார் வருவார்கள் என்பது விதியிலேயே முடிவாகிவிடுகிறது.

இது நடக்காத காரியமில்லை. உங்களில் பலர் முன்மாதிரியாகச் சொல்லும் மெக்டவல் ரெசிடென்சியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், பீட்டர்பரோ ஊரில், இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் பியானோக் கலைஞரான அவர் மனைவி மரியனும் 1907-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே எட்வர்ட் இறந்துபோனார். அந்த இடத்தை நிலைநிறுத்தியவர் மரியன், ஊர் ஊராகப் போய் வாசித்தும் பேசியும் பணம் திரட்டினார். காட்டுக்குள் தனித்தனி ஸ்டூடியோ. மதியச் சாப்பாடு ஒரு கூடையில் வாசலுக்கு வந்துவிடும், வேலையை யாரும் கலைப்பதில்லை. இரவுச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக. ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் பலகைகள் மாட்டியிருக்கும், தங்கியவர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் அங்கே தங்கியவர்தான். அந்தக் கூடையை நம் ஊர்க்காரர்கள் மறக்காமல் கொண்டுவந்தார்கள்; எங்களுக்கும் மதியம் வாசலில் டிபன் கேரியர் வந்தது. ஆனால் அதே இடம் தேவைப்படுவோருக்கு உதவித்தொகையும் பயணச் செலவும் தருகிறது. கூடையோடு அதுவும் வந்திருக்க வேண்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியை வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது அவர்களுக்கு முதலில் தோன்றியது வயிற்றுப்பாடுதான். ஓவியம் விற்குமா என்று நம்பி உட்கார முடியாது. அதனால் கைவினைஞர் சங்கம் வைத்துத் துணியில் மெழுகெழுதிப் பாத்திக் செய்து விற்றார்கள். நிலத்துக்கான பணமே அந்தக் கைவேலையிலிருந்து வந்தது. கைவேலை சோறு போட்டது, மீதி நேரம் அவரவர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கவிதை வாசிப்பும் நடனமும் நாடகமும் அதே மணலில் நடந்தன. கலைஞருக்கு முதலில் அரிசி, பிறகு அமைதி என்ற வரிசையை இங்கே இருந்தவர்கள் அறுபது ஆண்டுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஜன்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டுப் பழங்குடி ஓவியரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துச் சுவரில் வரைந்துகொண்டிருந்தவர். 1982-இல் திறக்கப்பட்ட போபாலின் பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் கிராமங்களில் கலைஞர்களைத் தேடச் செய்தபோது கண்டெடுக்கப்பட்டவர். அங்கே வேலையும் தாளும் மையும் கிடைத்தன. உலகம் முழுக்க அவருடைய ஓவியங்கள் போயின. 2001-இல் ஜப்பானின் நீகட்டா பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தங்கும் காலம் நீண்டுகொண்டே போயிருந்தது. ஊருக்குத் திரும்ப அவர் விரும்பியிருந்தார். யார்மீதும் பழி போட இதை எழுதவில்லை. ஒரு மனிதரை அவர் மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்துக் கூட்டிவந்து தனி அறையில் வைக்கும்போது, அவர் எந்த நேரத்திலும் "நான் போகணும்" என்று தன் மொழியில் சொல்லவும், அதைக் கேட்டவுடன் டிக்கெட் எடுத்துத் தரவும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எங்கள் ரெசிடென்சியில் சமையல் அக்கா ஒருவர்தான் அண்ணாவிடம் தினமும் உட்கார்ந்து பேசினார். அவருடைய வேலை ஒப்பந்தத்தில் அது இல்லை.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகளை ஆறு வாரம் அம்மாவிடம் விட்டுவிட்டு வர முடிந்தது, வந்தேன். அம்மா இல்லாதவர்கள் வர முடியாது. பிள்ளையோடு வருகிறவர்களுக்கு இரண்டு அறைகளாவது ஒதுக்குங்கள்.

கடைசி நாள் எதையாவது காட்டியே ஆக வேண்டும் என்பதையும் விட்டுவிடுங்கள். நான்காம் வாரத்திலிருந்தே எங்கள் பேச்சு மாறிப்போனது. எதைத் தொங்கவிடலாம், எங்கே விளக்குப் போடலாம் என்றே இரவுச் சாப்பாட்டில் பேசினோம். பின்கட்டில் போய் உட்காரும் பழக்கம் நின்றுவிட்டது. காட்ட விரும்புகிறவர் காட்டட்டும். நன்கொடையாளருக்கு அறிக்கை வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள், ஒரு பக்கம் எழுதித் தருகிறோம்.

அண்ணா போன பிறகு அந்தத் தகடு ஒரு வாரம் அப்படியே கிடந்தது. பிறகு தங்கை அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் அந்த முனையில் கட்டட வேலைக்கு நடுவே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கல் மேல் தட்டித் தாளம் சொன்னார். பின்னால் ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டது. 24 ஆவர்த்தனம். அந்த அச்சின் முதல் பிரதி இப்போது அவர் வீட்டில், சீவாளிப் பெட்டி வைக்கும் மாடத்துக்கு மேலே இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன்.

அடுத்த விண்ணப்பத்தை அறிவிக்கும்போது தங்கும் காலத்தை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வைத்து, கூலியையும் சேர்த்து அறிவியுங்கள். தமிழ்ப் படிவத்தின் மெய்ப்பை நான் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அண்ணா சொல்வார். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் விருந்தினராக ஆறு வாரம் தங்கியிருந்த ஒருத்தி