முட்டிக்குக் கீழே

அன்பு மகள் கனிக்கு,

அப்பா எழுதுவது. பதினொரு நாளாகப் போன் இல்லை. டூட்டி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு மாமா செல்லில் ஏதோ வீடியோ காட்ட வந்தார். கண்ணாடி இல்லை என்று அனுப்பிவிட்டேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

பந்தோபஸ்துக்குப் போனால் தண்ணீர் குடி. பாத்ரூம் இல்லை என்று நீங்களெல்லாம் குடிக்காமலே நிற்பீர்கள், கிட்னிக்கு ஆகாது. லத்தி முட்டிக்குக் கீழேதான் விழ வேண்டும். தலையில் படவே கூடாது. பொம்பளை எஸ்.ஐ. தானே என்று நாலு பேர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். அதற்காக ஆம்பளையை விட ரெண்டு அடி கூடப் போட வேண்டியதில்லை.

1973ல் தமிழ்நாடு போலீசில் பெண்களை முதன்முதலாக எடுத்தபோது ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள், அவ்வளவுதான். நீ ரெண்டு நட்சத்திரத்தோடு வந்து நின்ற அன்று, ஏட்டாகவே ரிட்டையர் ஆன நான் உனக்கு சல்யூட் அடித்தேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது டீக்கடைப் பக்கம் போவதில்லை.

தண்ணீர் குடி. முட்டிக்குக் கீழே.

அம்மாவுக்கு வலது காது மந்தமானது சின்ன வயசுக் காய்ச்சலால் என்றுதானே நினைத்திருக்கிறாய்? என் கை, கனி. 1991, நீ கைக்குழந்தை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்துகிறவன் மேல் கேஸ் போடும் 498ஏ சட்டப் பிரிவு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் புகார் எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டர் என் சிநேகிதன். பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான், காகிதத்தை எடுக்கவில்லை. "வீட்டு விஷயம்மா" என்று சொல்லிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினான். சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் ஸ்டேஷன் திறந்ததே மறு வருஷம்தான். நான் யூனிஃபார்மோடு போனேன். டீ ஏடு கட்டி ஆறிக் கிடந்தது. சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் நீ மட்டும்தான் அழுதாய்.

பெண்டாட்டியை அடித்த குடிகாரனை அதே வாரம் நாங்கள் லாக்கப்பில் வைத்திருந்தோம். சர்க்கார் அவன் வீட்டுக்குள் போயிற்று, என் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. அது எனக்கு அன்று சௌகரியமாக இருந்தது.

அந்த வீடியோவில் கீழே விழுந்த அம்மாள் யார்? எழுந்தாளா? நான் பார்த்தேனா என்று கேட்காதே.

போன் செய். அம்மா எடுத்தால் கொஞ்சம் சத்தமாகப் பேசு.

அப்பா